தக்காளி சொன்ன கோள்

இதை எழுதுவதற்கென்று மூன்று முறை நோட்டு வாங்கினேன். முதல் நோட்டு மூத்தவனின் வீட்டுப்பாடத்துக்குப் போயிற்று. இரண்டாவதில் ஜெபக்கூட்டத்துப் பாட்டுகளை எழுதி வைத்தேன். மூன்றாவதில் மேலே சிலுவை போட்டு, இரண்டு வரி எழுதி, அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள்தான். ஆனால் எழுத்துப் பிழைக்குப் பயந்து எழுதுவதை நிறுத்தவில்லை. இந்தக் கதையில் நான் செய்த ஒரு காரியமும் வருகிறது. சாமியாரிடம் அதை அப்போதே சொல்லிவிட்டேன். ஆண்டவரும் மன்னித்திருப்பார். எங்கள் தெருவுக்குத்தான் இன்னும் சொல்லவில்லை. இது நாலாவது நோட்டு. இதையாவது முடித்துவிட வேண்டும்.

அவரைப் பண்டாரி அண்ணாச்சி என்போம். தோணியில் சமையல்காரருக்குப் பண்டாரி என்று பெயர். முப்பது வருஷம் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் போய்வந்த தோணிகளில் சோறு பொங்கியவர். அப்புறம் முழங்கால் ஒத்துவராமல் கரையேறி, எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் தனியாக இருந்தார். அவருடைய பேர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஆண்டவர் மற்றவர்களுக்குக் கண் கொடுத்தார் என்றால் அவருக்கு மூக்கு கொடுத்தார். பார்ப்பதற்கு அது ஒன்றும் பெரிய மூக்கு இல்லை. சின்னதாக, சுண்டைக்காய் மாதிரி இருக்கும். ஆனால் தெருமுனையில் திரும்பும்போதே எந்த வீட்டில் என்ன கொதிக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததோடு நிற்க மாட்டார், சொல்லிவிடுவார். அதுதான் கஷ்டம். குசினியில் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு நாங்கள் வாசலில் பேசிக்கொண்டிருப்போம். அவர் தம் வீட்டு வாசலில் இருந்தே, ஏளா, உன் குழம்பு இன்னும் ரெண்டு நிமிஷத்துல அடிப்பிடிக்கும், என்பார். உள்ளே ஓடினால் அப்போதுதான் கரண்டியில் கரகரவென்று தட்டும். இதை உதவி என்று எடுத்துக்கொள்வதா, வேவு என்று எடுத்துக்கொள்வதா என்று தெருப்பெண்களுக்குள் எப்போதும் இரண்டு கட்சி.

கறி சமைக்கக் கூடாத தபசுகால வெள்ளிக்கிழமைகளில் இரண்டு கட்சியும் ஒன்றாகிவிடும். ஒரு பெரிய வெள்ளியன்று அவர் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு வீட்டுக்கு முன்னால் நின்று, மூக்கை ஒரு தரம் உறிஞ்சி, தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்த வீட்டுக்காரர் அடுத்த வாரம் வரைக்கும் எங்கள் யார் முகத்திலும் விழிக்கவில்லை.

இந்த மூக்கு எப்படி வந்தது என்று கேட்டால் முத்துக்குளிப்பைச் சொல்லுவார். சின்ன வயசில் சலாபம் நடந்தபோது கரையில் சிப்பிகளைக் குவித்து அழுகவிடுவார்களாம், முத்தைப் பிரித்தெடுக்க. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் அடுப்புக் கூட்டி, குளியாட்களுக்குச் சோறு பொங்கினாராம். "அந்த நாத்தத்துக்குள்ள நின்னுக்கிட்டு சீரகம் கருகுதா இல்லையான்னு கண்டுபிடிச்சவன் நான். அதுக்கப்புறம் உலகத்துல எல்லா வாசமும் தனித்தனியா வந்து எங்கிட்ட பேர் சொல்லிட்டுத்தான் போவும்" என்பார்.

சளி பிடித்தால் மட்டும் வீட்டைவிட்டு வெளியே வர மாட்டார். ஒரு முறை மழைக்காலத்தில் நாலு நாள் கதவு திறக்கவில்லை. என்னவோ ஏதோ என்று போய்த் தட்டினால், உள்ளே இருந்தபடியே, எனக்கு இப்ப ஒண்ணும் தெரியல, ஒரு மரக்கட்டை தெருவுல நடந்தா நல்லாவா இருக்கும், என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

என் வீட்டுக்காரர் தோணித் தண்டல், அதாவது தோணியை நடத்திப் போகிறவர். அண்ணாச்சியின் சோற்றைப் பத்து வருஷம் தின்றவர். புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு ஐப்பசியில் கொழும்புக்குப் போன அவர் தோணி திரும்ப வேண்டிய நாளில் திரும்பவில்லை. காற்று மாறி அடித்தது. ஒன்பது நாள். நான் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, தெருமுனையில் கல்குகை மாதிரி கட்டிய கெபியில் இருக்கிற மாதா முன்னால் முழங்காலில் இருந்தேன். ஒன்பதாம் நாள் நேர்ச்சை வைத்தேன். தாயே, அவரைக் கொண்டுவந்து சேர். தைக் கடைசியில் உன் திருவிழா அசனத்துக்கு ரசம் என்னுடையது. என் கையால் நட்டு, என் கையால் பறித்த தக்காளி. கடைத் தக்காளி ஒன்றுகூடச் சேர்க்க மாட்டேன்.

அசனம் என்றால் தெரு முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. முந்நூறு பேராவது இருப்பார்கள். எங்கள் வீட்டுக் கொல்லையோ உப்பு மணல். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அந்த நேரத்தில் இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. பத்தாம் நாள் காலையில் தோணி வந்து சேர்ந்தது. அவர் குளித்துச் சாப்பிட்டு முடித்ததும் நேர்ச்சையைச் சொன்னேன். "ஏளா, மெழுகுவத்தின்னு வேண்டிருக்கக் கூடாதா" என்றார்.

ஸ்ரீவைகுண்டம் பக்கமிருந்து இரண்டு வண்டி வண்டல் மண் வந்தது. தெருக்குழாய் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்தேன். நாற்பது செடி பிடித்தது. மார்கழியில் பூ விட்டது. அதோடு புழுவும் வந்தது.

பச்சைப் புழு. காலையில் முழு இலையாக இருந்தது மத்தியானம் சல்லடையாக இருந்தது. தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மூட்டைப்பூச்சிக்கு வைத்திருந்த பொடியை ஒரு அக்கா டப்பாவோடு கொண்டுவந்து கொடுத்தாள். அதைத் தூவப் போன நேரத்தில்தான் ஓலை வேலிக்கு அந்தப் பக்கச் சந்திலிருந்து பண்டாரி அண்ணாச்சியின் குரல் வந்தது.

"பொடியைப் போடாதளா. செடி கோள் சொல்லிக்கிட்டு இருக்கு. ஆள் வருவாவ."

எனக்குப் புரியவில்லை. உள்ளே வந்தார். ஒரு நல்ல இலையைக் கிள்ளி என் மூக்கில் வைத்தார். தக்காளி இலை வாசம். அப்புறம் புழு தின்றுகொண்டிருந்த இலைக்குப் பக்கத்தில் குனியச் சொன்னார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். அதே வாசம்தான், ஆனால் உள்ளே ஏதோ ஒன்று கூட இருந்தது. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் காரம்.

"கத்தி வெட்டுனா செடி சும்மா அழும். புழு கடிச்சா, யாரு கடிச்சான்னு பேரைச் சொல்லி அழும்" என்றார். அந்தப் புழுவைப் பிடிக்கிற குளவிக்கு அது கேட்குமாம். பக்கத்துச் செடிகளுக்கும் கேட்குமாம். அவை உடனே இலையைக் கசப்பாக்கிக்கொண்டு தயாராக இருக்குமாம். தம் வீட்டு மண்ணெண்ணெய்த் தகரங்களில் வைத்திருந்த செடிகளுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இரண்டு வருஷமாக மோந்து மோந்து கண்டுபிடித்தது இது என்றார்.

கோள் சொல்வது பாவம் இல்லையா அண்ணாச்சி என்று கேட்டேன். உண்மையாகவே அந்தச் சந்தேகம் எனக்கு வந்தது. அவரும் சிரிக்கவில்லை. நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொடியைத் தூவவில்லை. ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் சில புழுக்கள் அசையாமல் கிடந்தன. அவற்றின் முதுகில் வெள்ளை வெள்ளையாக, நொய்யரிசி ஒட்டினது மாதிரி. அடப்பாவமே, முட்டை போட்டுப் பெருகுகிறதே என்று பதறி, செருப்பால் பதினொரு புழுக்களை நசுக்கினேன். பெரிய வெற்றி மாதிரி அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அது முட்டை இல்லளா, குளவிப் பிள்ளைகளோட கூடு. புழுவை உள்ளேருந்து தின்னுட்டு வெளிய வந்து உறங்குது. கள்ளனைப் பிடிச்சுக் கட்டி வச்சிருந்த போலீசையெல்லாம் செருப்பால அடிச்சுக் கொன்னுட்டியே."

இதுகூட நான் மறைத்த காரியம் இல்லை. இதைத் தெருவே பார்த்துச் சிரித்தது. மறைத்தது இனிமேல்தான் வருகிறது.

அந்த வாரம் அண்ணாச்சி பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். உள்ளே நடந்ததைச் சாமியார் வெளியே சொல்லக் கூடாது. பாவம் சொன்னவர் சொல்லலாமே. அவர் நேராக டீக்கடைக்குப் போய்ச் சொன்னார். சாமி, நான் கோள் கேட்டேன் என்று தொடங்கினாராம். யாரைப் பற்றி என்று சாமியார் கேட்டாராம். புழுவைப் பற்றி. சொன்னது யார்? தக்காளி, சாமி. சாமியார் பத்து அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லிவிட்டு, வெயிலில் அதிகம் அலைய வேண்டாம் என்று அனுப்பினாராம்.

டீக்கடையில் இது தக்காளி பேசிய கதை. மீன் ஏலம் நடக்கிற இடத்துக்குப் போனபோது தக்காளியே பாவசங்கீர்த்தனம் செய்ததாக ஆயிற்று. தெருக்குழாய்க்கு வந்தபோது, தண்டல் வீட்டுத் தக்காளிச் செடியில் மாதா நின்று பேசினாள் என்று ஆகிவிட்டது. மறுநாள் சாயங்காலம் என் கொல்லையில் நாற்பது பேர். அதற்கு மறுநாள் மணப்பாட்டிலிருந்து ஒரு அம்மா பஸ் பிடித்து மெழுகுவர்த்தியோடு வந்து இறங்கினாள். புழு தின்ற ஒரு இலையைக் காட்டி, ஓட்டை எல்லாம் சேர்ந்து மாதா முக்காடு மாதிரி இருக்கிறது பாருங்கள் என்றாள். பார்த்தோம். பார்க்கப் பார்க்க இருந்தது.

இப்போது சொல்லிவிடுகிறேன். செடியில் பேசியது மாதா இல்லை என்று எனக்குத் தெரியும். செடிக்குப் பக்கத்தில் நின்று அண்ணாச்சி விளக்கிச் சொன்னதைக் காதால் கேட்டவள் நான் ஒருத்திதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். சொல்லவில்லை. ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் எல்லாரும் என்னைத் தாயி என்றார்கள். என் கையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒரு பெண், உங்க நேர்ச்சைக்கு இறங்கித்தான் மாதா வந்திருக்கா என்றாள். அது எனக்கு இனித்தது. கெபியிலிருந்து தூபக்காலைக் கொண்டுவந்து சாம்பிராணி போட்டது வந்தவர்கள் என்றுதான் தெரு இன்றுவரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறது. போட்டது நான். கூட்டம் வருமுன்னாலேயே, ஒரு கை இல்லை, இரண்டு கை அள்ளிப் போட்டேன். காலையும் மாலையும், ஆறு நாள்.

முதல் நாள் புகையிலேயே அண்ணாச்சி வேலி ஓரம் வந்து நின்றார். துண்டால் மூக்கைப் பொத்தியிருந்தார். நாற்பது பேருக்கு முன்னால் என்னைத் தலைகுனிய வைக்க அவருக்கு மனசில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் சொன்னார்.

"தங்கச்சி, அதுங்க தொண்டை கிழியக் கத்துது. நீ அதுங்க வாயைப் பொத்திட்டு மேளம் அடிக்கிற."

நான், மாதா காரியத்தில் குறுக்கே வராதீர்கள் அண்ணாச்சி என்றேன். எல்லாரும் கேட்கும்படியாகச் சொன்னேன். அவர் போய்விட்டார். அன்றிலிருந்து எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை. என் குழம்பு இரண்டு தரம் அடிப்பிடித்தது. சொல்ல ஆள் இல்லை.

குளவி ஒன்றுகூட வரவில்லை. அந்தப் புகையில் எப்படி வரும்? ஏழாம் நாள் காலையில் கூட்டம் வருமுன்னால் கொல்லைக்குப் போனேன். நாற்பதில் பதினெட்டுச் செடி வெறும் குச்சி. மிச்சத்திலும் புழு ஏறிக்கொண்டிருந்தது. திருவிழாவுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. கடலிலிருந்து ஒரு மனுஷனைக் கேட்டு வாங்கிவிட்டு, கொடுத்த வாக்கைப் புழுவுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேனே என்று அப்போதுதான் உறைத்தது. தூபக்கால் இன்னும் சூடாக இருந்தது.

நேராகக் கோயிலுக்குப் போனேன்.

"சாம்பிராணி போட்டேன் சாமி."

"யாருக்கு?"

"மாதாவுக்குன்னு சொன்னேன். எனக்குத்தான் போட்டுக்கிட்டேன்."

உள்ளே ஒரு தும்மல். எங்கள் சாமியாருக்கு வருஷம் முழுக்க மூக்கடைப்பு. ஜெபம் ஒன்றும் சொல்லத் தரவில்லை. தூபக்காலைக் கழுவிக் கெபியில் வை, எதிர்வீட்டுக் கதவைத் தட்டு என்றார். அவ்வளவுதான் அபராதம்.

தூபக்காலைக் கழுவுவது சுலபமாக இருந்தது. கதவைத் தட்டுவதற்குத்தான் கை எழவில்லை. தட்டுமுன்பே உள்ளேயிருந்து குரல் வந்தது. "திறந்துதான் கிடக்கு, வா. கையில சாம்பிராணி வாசம் போவல. சீயக்காய் போட்டுக் கழுவு."

அன்று சாயங்காலம் கூட்டம் கூடியபோது சாமியாரே வந்தார். பண்டாரி அண்ணாச்சியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அண்ணாச்சி ஒரு கடிபட்ட இலையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். சாமியார் கண்ணை மூடி இழுத்தார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். கூட்டத்தில் ஒரு முனகல். சாமியார் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "காணாததை நம்புங்கன்னு வாராவாரம் உங்களுக்குப் பிரசங்கம் வைக்கேன். மோந்து பாக்காததை நான் நம்பக் கூடாதா? மாதா கெபியில இருக்கா. அங்க போய்க் கும்பிடுங்க. இங்க இருக்கது தக்காளி. அதைப் படைச்சவரு அதுக்கும் ஒரு ஜெபம் கொடுத்திருக்காரு. அது சொல்லட்டும். நாம புகை போடாம இருப்போம்."

கூட்டம் கலைந்தது. மணப்பாட்டு அம்மா மட்டும் முக்காடு இலையைப் பறித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. அண்ணாச்சி ஸ்டூலைக் கொண்டுவந்து செடிகளுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் ஜெபமாலை உருட்டினேன். மூன்றாம் நாள் கொண்டல் காற்று லேசாக அடித்தது. அவர் கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டார். இலைமேல் எறும்புக்குச் சிறகு வைத்த மாதிரி ஏதோ ஒன்று, கொசுவைவிடச் சின்னது, புழுவைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது.

"வந்துட்டாவ."

இதுவா குளவி என்றேன். தெருப்பிள்ளைகள் எல்லாம் பெரிய செங்குளவிக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். போலீசுன்னா மீசை வச்சுக்கிட்டுத்தான் வரணும்னு நினைக்கியா என்று கேட்டார். அப்புறம் பெரியதுகளும் வந்து புழுவைத் தூக்கிக்கொண்டு பறந்தன. முதுகில் அரிசி வைத்த புழுக்களை நான் தொடவே இல்லை. அவற்றுக்குப் பக்கத்தில் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன்.

இருபத்திரண்டு செடி பிழைத்தது. முந்நூறு பேருக்கு அது காணாது. அசனத்தன்று ரசப்பானைக்குப் பண்டாரி அண்ணாச்சிதான் நின்றார். என் தக்காளி முழுவதையும் கரைத்தும் ரசம் வெளிறிப்போய் இருந்தது. புளியைக் கூட்டினார், மிளகைக் கூட்டினார். எனக்கு அழுகை வந்தது. என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. சந்தையில் ஒரு பை தக்காளி வாங்கி, வேட்டி மடிப்பில் மறைத்து, பந்தலின் பின்பக்கமாக வந்தார். அண்ணாச்சி பானையைப் பார்த்தபடியே நின்றார், திரும்பவே இல்லை.

"தண்டலே, அந்தப் பையை வெளிய கொண்டு போங்க. அது நம்ம செடி இல்ல."

அன்றைக்கு ரசம் தண்ணீர்தான். சாப்பிட்டவர்கள் சொன்னார்கள், சிரித்தார்கள், இரண்டாம் தடவையும் வாங்கிக் குடித்தார்கள். கடைத் தக்காளி ஒன்றுகூடச் சேரவில்லை. நான் கெபிக்குப் போய் மாதா முகத்தை நேராகப் பார்த்தேன். பார்க்க முடிந்தது.

பல வருஷம் கழித்து என் இளையவள் விவசாயப் படிப்புப் படித்துவிட்டு லீவுக்கு வந்தாள். புழு கடித்தால் செடி ஒரு வாசத்தை விடும், அதைப் பிடித்துக்கொண்டு குளவி வரும், பக்கத்துச் செடியும் உஷாராகிவிடும், இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள் அம்மா என்றாள். நான் சிரித்த சிரிப்பில் அவள் பயந்துபோனாள். எதிர்வீட்டைப் பார்த்தேன். அங்கே வேறு ஆட்கள் குடியிருந்தார்கள்.

அண்ணாச்சி கடைசியாகப் படுத்திருந்தபோது, உங்களைப் பற்றி ஒரு நாள் எழுதுவேன் என்று சொல்லியிருந்தேன். "எழுது. பேரைப் போடாதளா. பேரைப் போட்டா எனக்கும் நாலு பேரு சாம்பிராணி போடுவாவ" என்றார்.

அதனால் போடவில்லை. படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் டீக்கடையிலிருந்து குழாயடிக்குப் போன மாதிரி கொண்டுபோகாதீர்கள். ஒரு செடி சொன்னது அடுத்த செடிக்கு அப்படியே போய்ச் சேருகிறது, நடுவில் யாரும் ஒரு சிட்டிகை உப்புகூடப் போடுவதில்லை. அந்த மாதிரி சொல்லுங்கள். என் கொல்லையில் மாதா பேசவில்லை. தக்காளிதான் பேசியது. அதுவும் புழுவைப் பற்றி மட்டும்தான். சாம்பிராணி போட்டது நான்.